சேபா தீவில் சுற்றுலா

சேபா கரிபியன் கடலின் வடகிழக்குப் பகுதியில், சிறிய அண்டிலிசுத் தீவுக்கூட்டத்தில் அமைந்துள்ள ஓர் எரிமலைத் தீவு ஆகும். இதன் பரப்பளவு 13 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. இத்தீவு நெதர்லாந்து இராச்சியத்தைச் சேர்ந்தது. கரிபியன் தீவுகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் வெண்மணல் கடற்கரைகளையே நாடுகின்றனர். சேபாவில் நிலையான இயற்கை மணற்கரை கிடையாது. மலையேற்றம், முக்குளிப்பு, அமைதியான ஊர்கள் ஆகியவற்றுக்காகவே பயணிகள் இங்கு வருகின்றனர்.

சேபாவுக்கு முதன்முறையாகச் செல்லத் திட்டமிடுபவர் இடங்களின் பட்டியலை மட்டும் அறிந்துகொண்டால் போதாது. ஓடுபாதையின் நீளம், கடலின் கொந்தளிப்பு, மழைநீரின் அளவு, மலையின் உயரம் ஆகியனவும் பயணத்தின் நாட்களையும் வரிசையையும் தீர்மானிக்கின்றன. சிறு தீவுகளுக்கான பயணத் திட்டமிடலுக்கு ஓர் எடுத்துக்காட்டாகவும் சேபாவைக் கொள்ளலாம்.

அமைவிடமும் நில அமைப்பும்

சின்டு மார்டென் தீவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் சேபா உள்ளது. தீவு முழுவதும் கடலுக்கு மேல் எழுந்துள்ள ஒரே எரிமலையின் மேற்பகுதியே ஆகும். எரிமலை இன்று அமைதியாக இருப்பினும் முற்றிலும் அவிந்த ஒன்றாகக் கருதப்படுவதில்லை. இதன் உச்சி சீனரி மலை எனப்படுகிறது. அதன் உயரம் பழைய நூல்களில் 887 மீட்டர் என்றும், பிந்திய அளவீடுகளில் ஏறத்தாழ 870 மீட்டர் என்றும் தரப்பட்டுள்ளது. நெதர்லாந்து இராச்சியம் முழுவதிலும் மிக உயரமான இடம் இதுவே. ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயர்ந்த இடமான வால்சர்பெர்க் 322 மீட்டர் உயரமே கொண்டது.

தீவின் கரைகள் பெரும்பாலும் செங்குத்தான பாறைகளாக உள்ளன. மேற்குக் கரையிலுள்ள வெல்ஸ் பே என்னுமிடத்தில் கோடை மாதங்களில் கரிய எரிமலை மணல் ஒதுங்கிச் சிறு கடற்கரையாகிறது. குளிர்காலப் பேரலைகள் அம்மணலை மீண்டும் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. இவ்வாறு தோன்றி மறைவதால் இது 'அலையும் கடற்கரை' என்று அழைக்கப்படுகிறது. வானூர்தி நிலையத்துக்கு அருகிலுள்ள கோவ் பேயில் செயற்கையாக அமைக்கப்பட்ட சிறு குளிக்குமிடம் ஒன்று உண்டு. மணலில் ஓய்வெடுப்பதை முதன்மையான நோக்கமாகக் கொண்டவருக்குச் சேபா ஏற்ற இடம் அன்று.

ஊர்கள்

தீவில் நான்கு முக்கிய ஊர்கள் உள்ளன. நிருவாகத் தலைநகரின் பெயர் த பாட்டம். ஆங்கிலத்தில் இப்பெயர் 'அடிப்பகுதி' என்று பொருள்படும். ஆயினும் இவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கிண்ணத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபே இப்பெயர் என்று கூறப்படுகிறது.

விண்ட்வார்டுசைடு தீவின் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. தங்கும் விடுதிகள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றுள் பல இங்குள்ளன. சீனரி மலைக்குச் செல்லும் படிப்பாதையும் இவ்வூரின் அருகிலேயே தொடங்குகிறது. செயிண்ட் ஜான்ஸ் இவ்விரு ஊர்களுக்கும் இடையே அமைந்துள்ளது. நான்காவது ஊரான சயன்ஸ் ஹில், ஹெல்ஸ் கேட் என்றும் வழங்கப்படுகிறது. முன்னதன் பொருள் 'சீயோன் குன்று'. பின்னதன் பொருள் 'நரக வாயில்'.

வெள்ளைச் சுவர்கள், சிவப்புக் கூரைகள், பச்சை வண்ணம் பூசிய சாளரக் கதவுகள் ஆகியன சேபா வீடுகளின் அடையாளமாகும். பல வீடுகளின் முற்றத்திலேயே குடும்பத்தினரின் கல்லறைகள் உள்ளன. இறந்தோரை வீட்டு நிலத்தில் அடக்கம் செய்யும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக இருந்துவருகிறது. கல்லறைகளைக் காட்சிப் பொருளாகக் கருதி அனுமதியின்றி முற்றத்துக்குள் நுழைவது முறையன்று.

வரலாறு

கிறித்தோபர் கொலம்பசு 1493ஆம் ஆண்டு நவம்பரில் இத்தீவைக் கண்டார்; ஆனால் கரையிறங்கவில்லை. 1640ஆம் ஆண்டளவில் அண்டைத் தீவான சின்டு யுஸ்டாசியசிலிருந்து டச்சுக்காரர் இங்குக் குடியேறினர். பின்னர் தீவு பலமுறை கைமாறி, 1816 முதல் தொடர்ந்து டச்சு ஆட்சியின்கீழ் உள்ளது. அடிமைமுறை 1863ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஒழிக்கப்பட்டது. இன்றைய மக்கள் ஐரோப்பியக் குடியேறிகள், ஆப்பிரிக்க அடிமைகள் ஆகிய இரு மரபினரின் வழித்தோன்றல்களும், பிற்காலத்தில் வந்து குடியேறியோரும் ஆவர். அன்றாட வழக்கில் ஆங்கிலமே பேசப்படுகிறது, டச்சு ஆட்சிமொழியாகும்.

2010ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து அண்டிலிசு கலைக்கப்பட்டது. அன்று முதல் சேபா, பொனெய்ர், சின்டு யுஸ்டாசியசு ஆகிய மூன்றும் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகளாக உள்ளன. அதே நாளில் சின்டு மார்டென் இராச்சியத்துக்குள் தனி நாடாயிற்று.

ஏணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சேபாவுக்குத் துறைமுகமோ சாலையோ வானூர்தி நிலையமோ இல்லை. மேற்குக் கரையிலுள்ள லேடர் பேயில் படகுகள் பாறையை ஒட்டி வந்து நிற்கும். தீவினர் இடுப்பளவு நீரில் நின்று பொருட்களை இறக்குவர். பின்னர் பாறையில் வெட்டப்பட்ட ஏறத்தாழ 800 படிகளின் வழியாக அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்து மேலே கொண்டு செல்வர். உணவு, மரம், தளவாடங்கள், பியானோ உட்பட அனைத்தும் இவ்வழியாகவே ஊர்களை அடைந்தன. இப்படிவரிசை 'ஏணி' என்று அழைக்கப்படுகிறது. இன்று இது நடைபாதையாக எஞ்சியுள்ளது.

சாலை

ஊர்களை இணைக்கும் சாலை ஒன்றை அமைக்க வேண்டும் என்று தீவினர் விரும்பினர். நிலத்தின் செங்குத்தைக் கண்ட டச்சுப் பொறியாளர்கள் அது இயலாது என்று கூறினர். அதன் பின்னர் சேபாவைச் சேர்ந்த ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசெல் என்பவர் அஞ்சல்வழிக் கல்வியில் கட்டுமானப் பொறியியல் பயின்று, சாலைப் பணியைத் தாமே வழிநடத்தினார்.

1938இல் பணி தொடங்கியது. பெரிய இயந்திரங்கள் இல்லாமல், தீவினர் கைக்கருவிகளைக் கொண்டே பாறைகளை வெட்டித் தாங்குசுவர்களைக் கட்டினர். ஃபோர்ட் பேயிலிருந்து த பாட்டம் வரையிலான முதற்பகுதி 1943இல் முடிந்தது. 1947இல் முதல் மோட்டார் வண்டி தீவுக்கு வந்தது. 1951இல் சாலை விண்ட்வார்டுசைடை எட்டியது; 1958இல் முழுப் பணியும் நிறைவெய்தியது. இதற்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. இன்றும் 'சாலை' என்றே அழைக்கப்படுகிறது. பயணி எவ்வழியாக வந்தாலும் தம் விடுதியை அடைவது இச்சாலையின் வழியாகவே ஆகும்.

வானூர்தி நிலையம்

தீவின் வடகிழக்கு மூலையில் பழைய எரிமலைக்குழம்பு கடலுக்குள் பாய்ந்து உறைந்ததால் உருவான ஒரு மேடை உள்ளது. ஃபிளாட் பாயிண்ட் எனப்படும் இதுவே தீவில் ஓரளவு சமமான ஒரே பெரிய நிலப்பரப்பு ஆகும். அண்டைத் தீவான சென் பார்த்தலெமியைச் சேர்ந்த வானோடி ரெமி டி ஹேனன் இங்கு வானூர்தியை இறக்க முடியும் எனக் கருதினார். தீவினர் பாறைகளைக் கைகளால் அகற்றி நிலத்தைச் சமன்செய்தனர். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று அவர் அங்குத் தம் வானூர்தியை இறக்கினார். நிலையம் 1963இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்து அண்டிலிசின் அமைச்சராக இருந்த ஹுவாஞ்சோ இராவுஸ்கின் என்பவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

தீவை அடைதல்

வானூர்தி

சேபாவின் ஓடுபாதை ஏறத்தாழ 400 மீட்டர் நீளம் கொண்டது. ஒழுங்கான பயணிகள் சேவை நடைபெறும் ஓடுபாதைகளுள் உலகிலேயே மிகக் குறுகிய நீளமுடையது இது எனக் கூறப்படுகிறது. இதன் ஒருபுறம் மலை உயர்ந்து நிற்கிறது; இரு முனைகளும் கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளில் முடிகின்றன. ஒப்பீட்டுக்கு, சின்டு மார்டெனின் பிரின்சஸ் ஜூலியானா நிலையத்தின் ஓடுபாதை 2,300 மீட்டர் நீளமுடையது.

எனவே பயணிகள் தாரை வானூர்திகள் எவையும் சேபாவில் இறங்க இயலாது. குறுகிய தூரத்தில் எழவும் இறங்கவும் வடிவமைக்கப்பட்ட ட்வின் ஆட்டர் வகை வானூர்திகளையே வின்ஏர் நிறுவனம் இங்கு இயக்குகிறது. இவ்வகை வானூர்தியில் ஏறத்தாழ 19 பயணிகளே அமர முடியும். சின்டு மார்டெனிலிருந்து பறக்கும் நேரம் ஏறத்தாழ 15 நிமிடங்கள். இறக்கும் வானோடிகள் இந்நிலையத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

இதனால் பயணி கவனிக்க வேண்டியவை மூன்று:

* வானூர்தியின் எடை வரம்பு குறைவாகையால் பெரிய பெட்டிகள் உடன் வராமல் அடுத்த வானூர்தியில் வரக்கூடும். மருந்து, கடவுச்சீட்டு, ஒரு நாளைக்கான உடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் நன்று.
* பறப்புகள் பகல் வெளிச்சத்திலேயே நடைபெறுகின்றன. பிற கண்டங்களிலிருந்து மாலையில் சின்டு மார்டெனை அடைபவர் அங்கு ஓர் இரவு தங்க நேரிடும்.
* பலத்த குறுக்குக்காற்றோ தாழ்ந்த முகிலோ இருப்பின் பறப்பு நீக்கப்படும். திரும்பும் நாளில் சேபா வானூர்திக்கும் நெடுந்தூர வானூர்திக்கும் இடையே போதிய கால இடைவெளி வேண்டும். இயன்றால் ஒரு நாள் முன்னதாகவே சின்டு மார்டெனுக்குத் திரும்புவது பாதுகாப்பானது.

படகு

சின்டு மார்டெனிலிருந்து பயணிகள் படகும் உண்டு. அது தெற்குக் கரையிலுள்ள ஃபோர்ட் பே துறைமுகத்தை வந்தடைகிறது. பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். இங்குக் கப்பல்துறை 1972இல் கட்டப்பட்ட பின்னரே பொருட்களை இறக்குவது எளிதாயிற்று. தீவுகளுக்கு இடையிலான கடல் திறந்த கடலாகையால் கொந்தளிப்பு மிகுதி. கடல் நோய்க்கு உள்ளாவோர் முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொள்வது நல்லது. படகு எல்லா நாட்களிலும் செல்வதில்லை. ஆதலால் படகின் நாட்களை அறிந்த பின்னரே விடுதியைப் பதிவு செய்தல் வேண்டும்.

நுழைவிசைவு

சேபா நெதர்லாந்தின் பகுதியாக இருப்பினும் செங்கன் பகுதியைச் சேர்ந்தது அன்று. ஐரோப்பாவுக்கான செங்கன் நுழைவிசைவும், இராச்சியத்தின் கரிபியன் பகுதிகளுக்கான நுழைவிசைவும் வெவ்வேறானவை. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு உடையோர் தமக்குரிய விதிகளையும் விலக்குகளையும் நெதர்லாந்துத் தூதரகத்தின் வழியாக உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சின்டு மார்டென் தனி நாடாகையால், அங்கிருந்து சேபா செல்லும் குறும்பயணத்திலும் எல்லைச் சோதனை உண்டு. வழியில் மாறும் நாடுகளின் விதிகள் இவற்றிலிருந்து வேறுபடலாம். வானூர்திச் சீட்டு வாங்கும் முன்னரே இவை அனைத்தையும் சரிபார்க்க வேண்டும்.

காலநிலையும் பயணக் காலமும்

சேபா வெப்பமண்டலத் தீவு. கடற்கரைப் பகுதியில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. மேலே செல்லச் செல்லக் குளிர்ச்சி மிகுகிறது. உயரமான ஊர்களில் இரவில் மெல்லிய கம்பளி ஆடை தேவைப்படலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. இக்காலத்தில் பயணிகள் மிகுதியாக வருவதால் விடுதிகளின் கட்டணமும் உயர்கிறது.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் சூறாவளிகள் மிகுதி. 1998ஆம் ஆண்டின் ஜார்ஜஸ் சூறாவளி மலையுச்சிக் காட்டின் பெருமரங்கள் பலவற்றைச் சாய்த்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி சேபாவுக்கு வடக்கே கடந்து சென்றது. சேபாவின் சேதம் சின்டு மார்டெனின் சேதத்தைவிடக் குறைவு. ஆயினும் சின்டு மார்டெனின் வானூர்தி நிலையக் கட்டடம் பெரிதும் சிதைந்து, வழக்கமான பயணிகள் சேவை பல வாரங்கள் தடைப்பட்டது. சேபாவுக்குச் செல்லும் வழி அதன் வாயிலான சின்டு மார்டெனைச் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு காட்டியது. சூறாவளிப் பருவத்தில் செல்வோர் பயணக் காப்பீட்டில் வானிலையால் ஏற்படும் நீக்கமும் தாமதமும் உள்ளடங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

காணத்தக்கவை

சீனரி மலை

விண்ட்வார்டுசைடிலிருந்து உச்சிவரை 1,064 படிகள் கொண்ட பாதை செல்கிறது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கீழ்ப்பகுதியில் தோட்டங்களும் இரண்டாம் நிலைக் காடுகளும் உள்ளன. மேலே பெரணிகளும் பாசிகளும் தொற்றுத்தாவரங்களும் நிறைந்த முகில்காடு தொடங்குகிறது. கடற்காற்று மலைச்சரிவில் மேலெழும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீராவி முகிலாக ஒடுங்குகிறது. இதனால் மழை பெய்யாத நாட்களிலும் உச்சி நனைந்தே இருக்கும். படிகள் வழுக்கக்கூடியவை ஆதலால் பிடிமானமுள்ள காலணி இன்றியமையாதது. உச்சியை முகில் எப்பொழுதும் மூடக்கூடும், காட்சிக்கு உறுதியில்லை. ஒரே நாளை மட்டும் மலைக்கென ஒதுக்காமல், மாற்று நாள் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

சேபாவில் மட்டுமே வாழும் சேபா அனோல் என்னும் சிறு பல்லியைப் பாதைகளில் காணலாம். கருநிறம் மிகுந்த உடும்பு போன்ற இகுவானாக்கள் இங்கும் மொன்செராட்டிலும் வாழ்கின்றன. இவை 2020ஆம் ஆண்டு தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டன. பாறைச் செங்குத்துகளில் சிவந்த அலகுடைய வெப்பமண்டலப் பறவைகள் கூடு கட்டுகின்றன.

கடற் பூங்கா

சேபா தேசிய கடற் பூங்கா 1987இல் அமைக்கப்பட்டது. இது தீவைச் சுற்றிலும், உயர்நீர் எல்லையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையிலான கடற்பகுதியை உள்ளடக்கியது. சேபா பாதுகாப்பு அறக்கட்டளை இதனை நிருவகிக்கிறது. முக்குளிப்போரிடமிருந்து பெறும் கட்டணத்தைக் கொண்டு தன் செலவைத் தானே ஈடுசெய்த முதற் கடற் பூங்காக்களுள் இதுவும் ஒன்றாகும்.

பவளப்பாறைகளின் மீது நங்கூரம் இடுவது அவற்றை உடைத்துவிடும். ஆகவே படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகள் பொருத்தப்பட்டுள்ளன. முக்குளிப்பும் உள்ளூர் நிறுவனங்களின் துணையுடனேயே நடைபெறுகிறது. கடலடியிலிருந்து தூண்களைப் போல் எழும் எரிமலைப் பாறைகள் இப்பூங்காவின் சிறப்பு. அவற்றுள் சிலவற்றின் உச்சியே ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்தில்தான் உள்ளது. ஆகையால் அவை அனுபவமுள்ளோருக்கே உரியவை. டெண்ட் ரீஃப் போன்ற ஆழம் குறைந்த இடங்கள் புதியவர்களுக்கும் பொருந்தும். மேற்குக் கரையின் சில இடங்களில் எரிமலை வெப்பத்தால் கடலடி மணல் வெதுவெதுப்பாக இருப்பதைக் கையால் உணரலாம்.

2022இல் கரிபியன் கடல் முழுவதும் நீண்ட முட்களைக் கொண்ட கடல் முள்ளெலிகள் பெருந்தொகையாக மடிந்தன. சேபாவிலும் இது நிகழ்ந்தது. ஒரு நுண்ணுயிரியே இதற்குக் காரணம் என 2023இல் கண்டறியப்பட்டது. இம்முள்ளெலிகள் பாசிகளை மேய்ந்து பவளங்களுக்கு இடமளிப்பவை. அவை குறையும்போது பாசி பெருகிப் பவளப்பாறையை மூடுகிறது. பவளத்தைத் தொடாமலும் மிதிக்காமலும் இருப்பது இப்பூங்காவில் வெறும் ஒழுங்குவிதி அன்று என்பதை இது உணர்த்தும்.

சேபா லேஸ்

சேபா ஆண்களுள் பலர் கடலோடிகளாகவும், பின்னாளில் அரூபா, குராசோ தீவுகளின் எண்ணெய் ஆலைத் தொழிலாளராகவும் வெளியூர்களில் வாழ்ந்தனர். ஊரில் தங்கிய பெண்கள் கைவேலையால் குடும்பத்தைத் தாங்கினர். கெர்ட்ரூட் ஜான்சன் என்பவர் வெனிசுவேலாவின் கராகசு நகரிலுள்ள கன்னியர் மடத்தில் கற்ற பூவேலையை 1870களில் தீவில் பரப்பினார். துணியின் இழைகளை எண்ணி உருவி, எஞ்சிய இழைகளைக் கட்டி வடிவங்களை உருவாக்குவது இக்கலையாகும். இவற்றைப் பெண்கள் அஞ்சல்வழியாக அமெரிக்காவில் விற்றனர். இன்று இதனைச் செய்வோர் மிகச் சிலரே. விண்ட்வார்டுசைடில் கடலோடி ஒருவரின் பழைய வீட்டில் அமைந்துள்ள ஹாரி ஜான்சன் அருங்காட்சியகம் அக்கால வாழ்க்கையைக் காட்டுகிறது.

நாட்களின் வரிசை

சேபாவில் மலையும் கடலும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று முதன்முறை வருவோர் எண்ணக்கூடும். இது ஆபத்தானது. முக்குளிப்பவர் 30 மீட்டர் ஆழத்தில் நான்கு வளிமண்டல அழுத்தத்தில் மூச்சுவிடுகிறார். அப்பொழுது காற்றிலுள்ள நைதரசன் வழக்கத்தைவிட மிகுதியாக உடல் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பின்னர் அது சிறிது சிறிதாக நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். அதற்கு முன்னர் சுற்றியுள்ள அழுத்தம் மேலும் குறைந்தால் கரைந்த வளிமம் குமிழிகளாகி, மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இதுவே அழுத்தநீக்க நோய் எனப்படுகிறது.

வானூர்தியில் பறப்பதும் உயரமான மலையில் ஏறுவதும் சுற்றியுள்ள அழுத்தத்தைக் குறைப்பவை. பல முறை முக்குளித்தவர் வானூர்தியில் ஏறும் முன்னர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி; 24 மணி நேரம் காத்திருப்பது மேலும் பாதுகாப்பானது. முக்குளித்த அன்றே சீனரி மலையின் உச்சிக்கு ஏறுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவ்விதியிலிருந்து ஐந்து முழு நாட்களுக்கான ஒரு வரிசை கிடைக்கிறது:

* முதல் நாள்: சீனரி மலை. முகில் மிகுதியாயின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து, மலையை ஒத்திவைக்கலாம்.
* இரண்டாம், மூன்றாம் நாட்கள்: முக்குளிப்பு. மாலையில் ஊரளவில் மட்டும் நடமாட்டம்.
* நான்காம் நாள் காலை: இறுதி முக்குளிப்பு. பிற்பகல் ஓய்வு, அருங்காட்சியகம்.
* ஐந்தாம் நாள்: காத்திருப்பு நாள். கரையோரத் தாழ்ந்த பாதைகள், ஏணி. முதல் நாளில் மலை கிட்டாதிருந்தால், இறுதி முக்குளிப்பிலிருந்து போதிய நேரம் கடந்த பின்னர் மலை.
* அடுத்த நாள்: புறப்பாடு.

முக்குளிக்காதவருக்கு மூன்று முழு நாட்கள் போதுமானவை. காலையில் வந்து மாலையில் திரும்புவோரும் உண்டு. ஆனால் வானிலை மாறினால் அவர்களுக்கு மாற்று வாய்ப்பு இராது.

நீர், மின்சாரம், செலவு

சேபாவில் ஆறுகள் இல்லை. வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்துப் பயன்படுத்துவது மரபு. இதனுடன் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் உள்ளது. விடுதியில் பயணி செலவிடும் நீர் பெரும்பாலும் அதே கூரையில் விழுந்த மழையே ஆகும். நீண்ட நேரம் குளிப்பதும் நாள்தோறும் துணி துவைக்கச் சொல்வதும் இத்தீவுக்குப் பொருந்தா.

மின்சாரம் 110 வோல்ட்டு அழுத்தத்தில் வழங்கப்படுகிறது. செருகிகள் அமெரிக்க வகையைச் சேர்ந்தவை. 2011ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அமெரிக்க டாலரே சட்டப்படியான நாணயம். உணவுப் பொருட்களின் பெரும்பகுதி கப்பலில் வருவதால் விலை உயர்ந்தது. கப்பல் தாமதமானால் கடைகளில் காய்கனிகள் குறையும். தாவர உணவு மட்டுமே உண்போர் விடுதிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வாடகை மகிழுந்து வண்டிகள் உள்ளன. சாலை குறுகியதும் செங்குத்தானதும் ஆகையால், மலைச்சாலை ஓட்டிப் பழகாதவர் தாமே வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

மருத்துவம்

த பாட்டத்தில் சிறு மருத்துவமனை ஒன்று உண்டு. கடுமையான நிலையிலுள்ள நோயாளிகள் தீவுக்கு வெளியே கொண்டு செல்லப்படுகின்றனர். வானூர்தி மூலம் நோயாளியை மாற்றும் செலவை ஏற்கும் காப்பீடு இங்கு வருவோருக்கு மிகத் தேவையானது. 1990களில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றும் அவ்வூரில் இயங்குகிறது. அதன் மாணவர்கள் தீவின் மக்கள்தொகையில் குறிப்பிடத்தக்க பங்கினர்.

சுற்றுலாவின் அளவு

மணற்கரை இன்மை, நீளம் குறைந்த ஓடுபாதை, சிறிய துறைமுகம் ஆகிய மூன்றும் சேபாவின் வளர்ச்சிக்குத் தடைகளாக எண்ணப்பட்டவை. இவற்றின் காரணமாகவே பெரும் விடுதித் தொடர்களும் பெரிய உல்லாசக் கப்பல்களும் இங்கு வரவில்லை. ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் பயணம் செய்வோரின் எண்ணிக்கை சேபாவின் மக்கள்தொகையை விஞ்சும். அத்தனை பேருக்கான நீரும் சாலையும் தீவில் இல்லை.

மறுபுறம், சுற்றுலா வருவாய் இன்றித் தீவினர் இங்கு வாழ்வதும் கடினம். வேலை தேடி இளைஞர் வெளியேறுவது சேபாவின் நெடுநாளையச் சிக்கலாகும். வழிகாட்டிகள், முக்குளிப்புப் பயிற்றுநர்கள், விடுதிப் பணியாளர்கள், வண்டியோட்டிகள் எனப் பல குடும்பங்கள் பயணிகளை நம்பியுள்ளன. ஆகவே குறைந்த தொகையினர் வந்து, அதிக நாட்கள் தங்கி, பூங்காக் கட்டணத்தையும் உள்ளூர்ச் செலவுகளையும் செலுத்திச் செல்வதே தீவுக்கு மிகவும் பயனளிக்கிறது. தாமதங்களுக்கென ஒரு நாளை மிகையாக ஒதுக்கும் பயணி தம் பயணத்தையும் காத்துக்கொள்கிறார்; தீவுக்கும் ஒரு நாள் வருவாயைத் தருகிறார்.

இவற்றையும் பார்க்க

* சின்டு மார்டென்
* சிறிய அண்டிலிசு
* முகில்காடு
* அழுத்தநீக்க நோய்
* பவளப்பாறை